டிக்கியில் ஒளித்து வைத்த சப்வூஃபர்: பத்து மாசமும் 43,400 ரூபாயும்

காரில் சப்வூஃபர், அதாவது பாட்டின் கீழ்ச்சத்தமான பேஸை மட்டும் எழுப்பும் பெரிய ஸ்பீக்கர், போடுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கடையில் ரெடிமேட் பெட்டி வாங்கி டிக்கியில் வைத்து வயர் இழுத்தால் அரை நாள் வேலை. நான் பட்ட பாடு முழுக்க, அந்தப் பெட்டி யார் கண்ணுக்கும் படக் கூடாது, டிக்கியில் ஒரு விரல் இடம்கூடக் குறையக் கூடாது என்று நினைத்ததால் வந்தது. போன செப்டம்பரில் ஆரம்பித்தேன், இந்த ஜூனில்தான் முடிந்தது. "பத்து மாசத்துல ஒரு பிள்ளையே பெத்திருக்கலாம்" என்று வீட்டில் சொல்லிக் காட்டாத நாள் இல்லை. திருச்சியில் ஒரு கடையில் ஃபைபரில் பெட்டி செய்து முழுசாக மாட்டித்தர 32,000 கேட்டார்கள். பன்னிரண்டாயிரத்துக்குள் நானே முடித்துவிடுவேன் என்று கிளம்பி, கடைசியில் நோட்டுப் புத்தகத்தில் கூட்டிப் பார்த்தபோது 43,400 வந்தது. இதில் பாதிக்கு மேல், யாராவது முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மிஞ்சியிருக்கும் காசு.

என் கார் டிக்கி முந்நூறு லிட்டர்கூட இல்லாத ஹேட்ச்பேக். வீடு நீடாமங்கலம், வேலை தஞ்சாவூர். தினமும் போகவர அறுபது கிலோமீட்டர், அதோடு ரயில்வே கேட்டில் நிற்கிற நேரம். பாட்டு இல்லாமல் அந்தக் கேட்டைக் கடக்க முடியாது, எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்வது புரியும். ஆனால் கார் எனக்கு மட்டும் சொந்தமில்லை. உர மூட்டை, விதை நெல், சம்பந்தி வீட்டுக்குப் போகிற வாழைத்தார் எல்லாம் அதில்தான் போகும். ரெடிமேட் பெட்டி வாங்கலாமா என்று கேட்டதற்கு அப்பா, "மூட்டை வைக்க இடம் இல்லேன்னா அது காரா, தகர டப்பாவாடா?" என்றார். சரி, ஒளித்து வைப்போம் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

முதல் தப்பு ஸ்பீக்கரை முதலில் வாங்கியது. பத்து இன்ச் சப்வூஃபர் 6,500, ஆம்ப்ளிஃபயர் 7,800. ஸ்பீக்கர் அட்டைப்பெட்டியில் 1,400 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே இருந்த காகிதத்தைப் படித்தால் ஆர்எம்எஸ் 300 வாட்ஸ். தொடர்ந்து தாங்குவது அந்த முந்நூறுதான், மற்றது கண் சிமிட்டுகிற நேரத்துக்கு. அதே காகிதத்தில் எஃப்எஸ், க்யூடிஎஸ், வாஸ் என்று சில எண்கள் இருந்தன. எனக்கு ஒன்றும் புரியவில்லை, மடித்து டேஷ்போர்டு டிராயரில் போட்டுவிட்டேன். என் காசையும் நாட்களையும் தின்றது அந்த மடித்த காகிதம்தான், அதைப் பிறகு சொல்கிறேன். நீங்கள் செய்வதாக இருந்தால் முதலில் காரில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துவிட்டு, அந்த இடத்துக்கு எந்த ஸ்பீக்கர் பொருந்தும் என்று தேடுங்கள். மாப்பிள்ளையைப் பார்க்காமல் சட்டை தைத்த கதை என்னுடையது.

ஒளித்து வைக்க எளிதான இடம் ஸ்டெப்னி குழிதான் என்று தோன்றியது. ஸ்டெப்னியை எடுத்து வீட்டுத் திண்ணையில் சாய்த்துவிட்டு, பதினெட்டு மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகையில் (மரநாரை அழுத்திச் செய்தது) அந்தக் குழிக்குள் உட்காரும்படி ஒரு பெட்டி. எங்கள் தெரு ஆசாரிதான் செய்துகொடுத்தார், பலகையும் கூலியும் சேர்த்து 2,800. மேலே கம்பி வலை, அதன் மேல் பழைய கார்ப்பெட். மூடிவிட்டால் ஒன்றுமே தெரியாது. சத்தமும் நன்றாகவே இருந்தது, அதை மறைக்க மாட்டேன். முதல் நாள் இரவு தெருவில் நிறுத்தி ஒரு தவில் தனி ஆவர்த்தனம் போட்டுக் கேட்டேன், அடி ஒவ்வொன்றும் முதுகில் வந்து தட்டியது. எதிர்வீட்டுப் பெரியவர் எழுந்து வந்து, "கோயில்ல ஏதும் விசேஷமா தம்பி?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே செலவு செய்த பணம் தகும் என்று இருந்தது.

சரியாக இருபத்தி ஆறு நாள் கழித்து, தஞ்சாவூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன் முடிந்து மன்னார்குடியில் அக்கா வீட்டுக்குப் போகும் வழியில், வடுவூர் ஏரி தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கிய வேகத்தில் பின் டயர் வெடித்தது. மணி பத்தரை. என்னிடம் பஞ்சர் கிட் இருந்தது, காற்றடிக்கும் சின்ன மெஷின் இருந்தது, அதை நம்பித்தானே ஸ்டெப்னியை வீட்டில் வைத்தேன். டயரின் பக்கவாட்டில் நாலு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. பஞ்சர் கிட் நடுவில் ஆணி குத்தினால்தான் உதவும், பக்கவாட்டுக் கிழிசலை ஒன்றும் செய்யாது. பின் சீட்டில் பாப்பா தூங்குகிறாள், மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை, அந்தப் பேசாமைதான் கொடுமை. ரெண்டு மணி நேரம் கழித்து ஒரு குட்டியானையில் ஏற்றி மன்னார்குடி போனோம், வாடகை 1,500. புது டயர் 4,200. ஸ்டெப்னி குழியில் பெட்டி வைப்பதாக யாராவது சொன்னால், நகரத்துக்குள்ளேயே ஓட்டுபவராக இருந்தால் மட்டும் யோசியுங்கள் என்பேன். ராத்திரியில் வயல்வெளி ரோட்டில் குடும்பத்தோடு போகிறவருக்கு அது சரிப்படாது.

அதோடு விட்டிருக்கலாம். அக்கா வீட்டுக்காரர் மானத்தை வாங்கியதில் ரோஷம் வந்து, ஸ்டெப்னியை டிக்கியில் படுக்கப் போட்டுக்கொண்டு பெட்டியையும் எடுக்காமல் ஒரு மாதம் ஓட்டினேன். ஐப்பசி மழை பிடித்தது. டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் காலையில் டிக்கியைத் திறந்தால் ஈர மண் வாசனை. கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தேன், குழியில் ரெண்டு இன்ச் தண்ணீர். எம்டிஎஃப் பலகையின் அடிப்பாகம் பாலில் ஊறிய ரஸ்க் மாதிரி உப்பி, ஸ்க்ரூ பிடித்த இடமெல்லாம் வாய் பிளந்து, கை வைத்தால் பிய்த்துக்கொண்டு வந்தது. டெயில் லேம்ப்பைச் சுற்றியிருக்கும் கேஸ்கெட் வழியாகக் கசிந்த தண்ணீர் அது. காரில் எங்கே கசிந்தாலும் கடைசியில் வந்து நிற்கும் இடம் அந்தக் குழிதான். எம்டிஎஃப் சத்தத்துக்கு அருமையான பலகை, கனமாகவும் ஒரே சீராகவும் இருக்கும், ஆனால் தண்ணீர் பட்டால் அவ்வளவுதான். ஐஎஸ் 710 முத்திரை போட்ட வாட்டர்ப்ரூஃப் பிளைவுட் கொஞ்சம் விலை கூட, ஆனால் எங்கள் பக்கத்து ஈரத்துக்கு அதுதான் சரி. மரப்பெட்டி செய்வதற்கு முன்னால் காரை வாட்டர் வாஷுக்கு விட்டு, ஒருவரை டிக்கிக்குள் டார்ச்சோடு உட்காரவைத்துக் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பைசா செலவில்லை. நான் அதையும் செய்யாமல், டெயில் லேம்ப்பின் வெளி ஓரத்தில் சிலிக்கான் பூசிவிட்டு அடைபட்டுவிட்டது என்று நம்பினேன்.

பொங்கல், அறுவடை எல்லாம் முடிந்து பங்குனியில் ரெண்டாவது படலம். இந்த முறை டிக்கியின் பக்கவாட்டில், சக்கர வளைவுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் பேனலுக்கு உள்ளே. பேனலைக் கழற்றினால் அங்கே ஒரு நல்ல குகை இருக்கும். பெட்ரோல் ஊற்றும் பக்கத்தில் கை வைக்காதீர்கள், டேங்க்குக்குப் போகும் குழாய் அந்தப் பக்கம்தான் இறங்குகிறது, ஒரு ஸ்க்ரூ தப்பாக இறங்கினால் போச்சு. எதிர்ப்பக்கத்திலும் சீட் பெல்ட் சுருள், வயர் கொத்து, காற்று வெளியேறும் ரப்பர் மூடி என்று ஏதாவது இருக்கும், அதையெல்லாம் அடைத்துவிடாமல் விட்டு வைக்க வேண்டும். ஒரே ஒரு புத்திசாலித்தனம் செய்தேன், கம்பெனி பேனலை வெட்டாமல் பழைய உதிரிபாகக் கடையில் அதே பேனல் இன்னொன்று 2,200-க்கு வாங்கி அதில்தான் ஓட்டை போட்டேன். ஒரிஜினல் பரணில் பத்திரமாக இருக்கிறது, காரை விற்கும்போது மாட்டிக்கொள்ளலாம்.

வளைந்து நெளிந்த இடத்துக்கு மரம் ஆகாது, ஃபைபர்கிளாஸ்தான். எங்கே கற்றுக்கொள்வது என்று யோசித்தபோதுதான் நாகப்பட்டினம் ஞாபகம் வந்தது. அங்கே மீன்பிடிக்கிற ஃபைபர் போட்டுகளுக்கு ஒட்டுப்போடும் வேலை வருடம் முழுக்க நடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் ஒரு அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். கார் ஸ்பீக்கருக்கு என்றதும் சிரித்தார், ஆனால் வஞ்சனை இல்லாமல் சொல்லிக் கொடுத்தார். பாலியஸ்டர் ரெசின் என்ற திரவப் பிசின், 450 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 450 கிராம்) கண்ணாடி இழை மேட், ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினாகப் பார்த்து வாங்கச் சொன்னார். "கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரா ஒண்ணோட ஒண்ணு சேத்துடாதீங்க தம்பி, புடிச்சிக்கும்" என்று மூன்று தடவை சொன்னார். தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒரு கிலோ ரெசினுக்குப் பத்து மில்லி கேட்டலிஸ்ட், வெயில் இல்லாவிட்டால் இருபதுவரை போகலாம், அவ்வளவுதான் கணக்கு. மேட்டின் எடையைப்போல ரெண்டு, ரெண்டரை மடங்கு ரெசின் குடிக்கும். எல்லாம் சேர்த்து 3,600 ஆனது.

வீட்டுக்கு வந்து, சீக்கிரம் காயட்டும் என்று ஒரு கிலோவுக்கு நாற்பது மில்லி ஊற்றினேன். பங்குனி வெயில், மதியம் ஒரு மணி. முதல் மேட்டை ஒட்டி முடிப்பதற்குள் மக்கில் இருந்த மிச்ச ரெசின் களி மாதிரி இறுகி, புகைய ஆரம்பித்தது. பிளாஸ்டிக் மக் அடியில் இளகித் தொங்கியது. தூக்கி வாசல் மணலில் போட்டேன், மணலிலும் கால் மணி நேரம் புகைந்தது. கேட்டலிஸ்ட் கூடினால் சூடு கூடும், ஒரே பாத்திரத்தில் நிறைய இருந்தால் இன்னும் கூடும். கால் கிலோ கால் கிலோவாகக் கலந்து, காலை ஏழு மணிக்கு முன்னாலோ வெயில் தாழ்ந்தோ செய்திருக்க வேண்டும்.

இன்னொரு முட்டாள்தனம், எல்லா அடுக்கையும் காருக்கு உள்ளேயே வைத்துப் போட்டது. குகையின் உள்பக்கம் முழுக்க மாஸ்கிங் டேப், அதன் மேல் அலுமினியத் தாள், அதன் மேல் கிரீஸ், இதுவரை சரி. அதற்கு மேல் காரில் ரெண்டு அடுக்கு போட்டு, ஓடு மாதிரி இறுகியதும் அதை வெளியே உருவி எடுத்து, மிச்ச அடுக்குகளைத் திண்ணையில் வைத்துப் போட வேண்டும். நான் வெளியே எடுக்கவில்லை. ரெசின் கார்ப்பெட்டில் வழிந்தது, அந்த நெடி சீட் துணியில் ஏறி ஒன்றரை மாதம் போகவே இல்லை, பாப்பா காரில் ஏறினாலே வாந்தி எடுத்தாள். உள்ளே சுத்தம் செய்ய 1,800 கொடுத்தேன். தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் தனிக் கதை. முழுக்கைச் சட்டை போடாமல் கிரைண்டர் பிடித்துவிட்டு, ராத்திரி முழுக்க அரிப்பு. சொறிந்தால் இன்னும் உள்ளே போகும். பச்சைத் தண்ணீரில் கழுவிவிட்டு, பிறகு செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி உரித்தால் கொஞ்சம் வரும். கண்ணாடி, கையுறை, என்95 மாஸ்க் மூன்றும் இல்லாமல் தொடாதீர்கள். மாஸ்க்கும் தேய்ப்புக் காகிதமும் 700 ரூபாய்தான், நான் அதை ரெண்டாவது வாரம்தான் வாங்கினேன்.

முன்பக்கத்துக்குப் பிளைவுட்டில் வளையம் வெட்டி, தேவையான கோணத்தில் குச்சிகளால் நிறுத்தி, அதன் மேல் பழைய பனியன் துணியை இழுத்து ஸ்டேப்ளர் அடித்து, ரெசின் பூசினேன். துணி காய்ந்து ஓடு மாதிரி ஆனதைப் பார்த்தபோது இருந்த சந்தோஷம் இருக்கிறதே! அந்தச் சந்தோஷத்தில்தான் கடைசிக் கோளாறைச் செய்தேன். பெட்டி அதிரக் கூடாது என்று பியூ சீலன்ட் என்ற, ரப்பர் மாதிரி இறுகும் பசையைப் போட்டு காரின் தகரத்தோடு ஒட்டிவிட்டேன். பேனலை மூடினேன். வெளியே கறுப்பு வலை மட்டும் தெரிந்தது, அதுவும் உற்றுப் பார்த்தால்.

பாட்டைப் போட்டேன். பேஸ் வந்தது, ஆனால் எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரி வந்தது. தவில், மிருதங்கம், கோயில் முரசு, எதைப் போட்டாலும் ஒரே "தும்". கீழே இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை, நடுவில் ஒரு இடத்தில் மட்டும் முட்டிக்கொண்டு நின்றது. ஈக்வலைசரைத் திருப்பித் திருப்பி ஒரு மாதம் போனது. ஆம்ப் சரியில்லை என்று ஒரு நாள், ஸ்பீக்கர் சரியில்லை என்று ஒரு நாள்.

நடுவில் வயர். சித்திரையில் ஒரு சாயங்காலம் அம்மாப்பேட்டை தாண்டி வரும்போது ரப்பர் கருகுகிற வாடை. ஓரம் கட்டி பானட்டைத் திறந்தால், பேட்டரியிலிருந்து ஆம்ப்புக்குப் போகிற சிவப்பு வயர், இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே நுழையும் தகர ஓட்டையில் தோல் உரிந்து புகைந்துகொண்டிருந்தது. பேட்டரி முனையைத் துணி சுற்றி இழுத்துக் கழற்றினேன், கை நடுங்கியது நிற்க வெகு நேரம் ஆனது. ஃபியூஸ் இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது, டிக்கியில், ஆம்ப்புக்குப் பக்கத்தில், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று. ஷார்ட் ஆனது பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில், அப்புறம் அது எப்படிப் போகும். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருந்தே ஆக வேண்டும், அது காப்பாற்றுவது வயரைத்தான், ஆம்ப்பை அல்ல. தகர ஓட்டையில் கிராமெட் என்ற ரப்பர் வளையம் போட வேண்டும். எரிந்த வயரைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை, அலுமினியத்துக்கு மேல் செம்பு முலாம். 1,400 ரூபாய் கிட்டில் வந்தது அது. இந்த முறை சுத்தச் செம்பில் எட்டு கேஜ் வாங்கினேன், பாட்டு சிக்னலை ஆம்ப்புக்குக் கொண்டுவரும் நல்ல ஆர்சிஏ வயர், ஃபியூஸ் எல்லாம் சேர்த்து 3,900, எலக்ட்ரீஷியனுக்கு 1,200. முந்நூறு வாட்ஸ் ஆம்ப் முழு சத்தத்தில் சுமார் 27 ஆம்பியர் இழுக்கும், அதற்கு 40 ஆம்பியர் ஃபியூஸ் போதும். எர்த் வயரை டிக்கியில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகரத்தில் இறுக்கினார், முழ நீளத்துக்கு மேல் விடவில்லை. பவர் வயர் ஒரு பக்கமும் ஆர்சிஏ மறுபக்கமும் போனதில், ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது வந்துகொண்டிருந்த கொசுச் சத்தமும் நின்றுபோனது.

வைகாசியில் கோடை மழை ஒன்று பெய்தது. மறுநாள் ஸ்டெப்னி குழியில் மறுபடி தண்ணீர். என் சிலிக்கான் பூச்சு ஒரு மழையைக்கூடத் தாங்கவில்லை. கேஸ்கெட்டை மாற்ற வேண்டும் என்றால் டெயில் லேம்ப்பைக் கழற்ற வேண்டும், அதன் நட்டு உள்பக்கம் இருக்கிறது. எங்கே? என் பெட்டிக்குப் பின்னால். மெக்கானிக் பேனலைக் கழற்றிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏங்க, நாளைக்கு இந்த பல்பு ஃபியூஸ் போனாலே கைய விட முடியாதே, என்ன பண்ணுவீங்க?" என்றார். பதில் இல்லை. பியூ சீலன்ட்டை ஆக்சா பிளேடால் மூன்று மணி நேரம் அறுத்தோம். பெட்டியின் ஒரு மூலை உடைந்துதான் வெளியே வந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறைத்து வைக்கிற எதையும் கழற்றவும் வர வேண்டும் என்பது எனக்கு அந்த மெக்கானிக் ஷெட்டில்தான் உறைத்தது. நல்ல பெட்டி நாலு போல்ட்டில் நிற்க வேண்டும், ஸ்பீக்கர் வயருக்குக் கழற்றி மாட்டுகிற ஒரு கப்ளர், பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட வேண்டும்.

உடைந்த பெட்டியை ஆசாரி பட்டறைக்கு எடுத்துப் போனேன். அங்கே தவில் கட்டைக்குப் பலா மரம் பார்க்க வந்த ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், தவில் சரிபார்க்கிறவர். பெட்டியை வாங்கி மடியில் வைத்து, விரல் முட்டியால் சுற்றிச் சுற்றித் தட்டினார். ஒரு பக்கம் "டக்", இன்னொரு பக்கம் "டொம்". "கட்டை பேசக் கூடாது தம்பி, தோல்தான் பேசணும். இது கட்டையே பேசுது" என்றார். சுவர் மெல்லிசாக இருந்தது, நான் மூன்று அடுக்கோடு நிறுத்தியிருந்தேன். அந்த மேட் ஒரு அடுக்கு ஒரு மில்லிமீட்டர் வந்தாலே அதிகம், ஆறு அடுக்காவது வேண்டும், தட்டையான இடங்களில் குறுக்கே ஒரு பட்டையும் வைக்க வேண்டும்.

அதே நாள்தான் டேஷ்போர்டில் மடித்துவைத்த காகிதத்தையும் எடுத்தேன். பெட்டி எத்தனை லிட்டர்? நீளம், அகலம், உயரம் பெருக்கி 24 லிட்டர் என்று முன்பே எழுதி வைத்திருந்தேன். வளைந்த பெட்டிக்கு அந்தப் பெருக்கல் செல்லாது. வீட்டில் தாளடி நெல் இருந்தது. உடைந்த மூலையை டேப் போட்டு அடைத்து, ஸ்பீக்கர் ஓட்டையை மேலே பார்க்க வைத்து, ஒரு லிட்டர் எண்ணெய் டின்னின் வாயை வெட்டி, அளந்து அளந்து கொட்டினேன். அப்பா வாசலில் நின்று, மரக்கால் போடுகிற களத்தில் எண்ணுவது மாதிரி சத்தமாக எண்ணினார். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டாவது டின்னில் பாதியோடு நிறைந்துவிட்டது. பதினொன்றரை. ஸ்பீக்கரின் காந்தமும் சட்டகமும் சேர்ந்து ஒன்றரை லிட்டர் அடைக்கும், ஆக மிச்சம் பத்து. இருபத்திநாலு என்று நினைத்த இடத்தில் பத்து!

மூடிய பெட்டிக்குக் கணக்கு ஒன்று இருக்கிறது, கடினமில்லை. காகிதத்தில் இருக்கும் வாஸ் என்ற எண்ணை (ஸ்பீக்கர் கூம்பு எவ்வளவு தளர்வாக அசைகிறது என்பதை லிட்டரில் சொல்வது) பெட்டியின் லிட்டரால் வகுத்து, ஒன்று கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, க்யூடிஎஸ்ஸால் (கூம்பு தன் அதிர்வை எவ்வளவு அடக்குகிறது என்பதைச் சொல்லும் எண்) பெருக்க வேண்டும். 0.7 பக்கத்தில் வந்தால் சத்தம் சீராக இருக்கும், கூடக்கூட ஒரே இடத்தில் முட்டும். என் பத்து இன்ச்சுக்கு வாஸ் 30 லிட்டர், க்யூடிஎஸ் 0.5. பத்து லிட்டர் பெட்டியில் சரியாக 1 வந்தது. அதற்குத் தேவையானது முப்பது லிட்டர். ஒரு மாதம் நான் ஈக்வலைசரோடு மல்லுக்கட்டிய "தும்" இதுதான். பேனலுக்குள் முப்பது லிட்டர் எங்கே போவது? வேறு வழியில்லாமல் எட்டு இன்ச் வாங்கினேன், வாஸ் 10, க்யூடிஎஸ் 0.5, இந்த முறை கடையில் நின்று காகிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கால்குலேட்டரில் போட்டுவிட்டுத்தான் காசு எடுத்தேன். 5,200. அது அடைக்கும் இடம் ஒரு லிட்டர், மிச்சம் பத்தரை, கணக்கு 0.7. காந்தத்துக்குப் பின்னால் ரெண்டு விரல் இடைவெளி இருக்கிறதா என்பதையும் அங்கேயே அளந்துகொண்டேன்.

மிச்சமிருந்த ரெசினில் வெளிப்பக்கம் மூன்று அடுக்கு, விடியற்காலையில், கால் கிலோவாக. உள்ளே பஞ்சு கொஞ்சம் திணித்தால் பெட்டி சற்றே பெரியது மாதிரி நடந்துகொள்ளும் என்பதால் தலையணைக்கு வைத்திருந்த இலவம் பஞ்சைத் திணித்தேன், பத்து நாளில் ஈர வாடை அடித்தது, எடுத்துவிட்டு ரெக்ரான் என்ற பாலியஸ்டர் பஞ்சு போட்டேன். ஓரங்களுக்குச் சிலிக்கான் பூசினால் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு அப்புறம் ஸ்பீக்கரை மாட்டுங்கள், அந்தப் புளித்த வாடை ஸ்பீக்கருக்கு ஆகாது. காற்று கசிகிறதா என்று பார்க்க ஊதுபத்தி போதும். மெதுவான பேஸ் ஓடவிட்டு ஓரமெல்லாம் பத்தியைக் காட்டினேன், ஒரு இடத்தில் புகை தலையாட்டியது, அங்கே மட்டும் ஒரு பூச்சு. ஸ்பீக்கருக்கு முன்னால் கனமான கம்பி வலை போட்டேன், மூட்டை முனை இடித்தால் கூம்பு கிழியும். நாலு எம்6 போல்ட், ஒரு கப்ளர். கேஸ்கெட்டும் மாற்றியாகிவிட்டது. ஸ்டெப்னி அதன் குழியில். சத்தம் பழைய எம்டிஎஃப் பெட்டி அளவுக்கு முதுகில் அறையாது, ஆனால் தவில் தவிலாகவும் மிருதங்கம் மிருதங்கமாகவும் கேட்கிறது, எனக்கு அது போதும்.

ஒன்று சொல்ல மறந்தேன், இன்ஜினை அணைத்துவிட்டு ரயில்வே கேட்டில் அரை மணி நேரம் பாட்டுக் கேட்காதீர்கள். கேட் திறந்து பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடிக்க, என் கார் ஸ்டார்ட் ஆகாமல் நாலு பேர் தள்ளினார்கள்.

போன வாரம் அப்பா ரெண்டு யூரியா மூட்டையை டிக்கியில் போட்டுவிட்டு, "அந்தப் பெட்டிய ஒருவழியா எடுத்துட்டியா? இப்பதான் காரு காரா இருக்கு" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பத்து இன்ச் இன்னும் பரணில்தான் இருக்கிறது, நாலாயிரத்துக்குக் கொடுக்கத் தயார், வீட்டில் முப்பது லிட்டர் இடம் இருப்பவர்கள் கேட்கலாம்.